கனமா இருந்தா நல்ல லென்ஸா? மேனுவல் ஃபோகஸ் ரிங், மரை, கிரீஸ் பற்றி ஒரு இழை

நொய்யல்கரை (பேரூர்)

வணக்கமுங்க எல்லாருக்கும்.

மிரர்லெஸ் கேமரா (உள்ளே பிரதிபலிக்கிற ஆடி இல்லாதது) பரவலானதிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய மேனுவல் லென்ஸ் (கையால ஃபோகஸ் பண்றது) தேடுறவங்க கூடிட்டே வர்றாங்க. நிக்கான் எஃப் மவுண்டில் லென்ஸ் உக்கார்ற இடத்திலிருந்து ஃபிலிம் வரைக்கும் 46.5 மி.மீ., எம்42 திருகு மவுண்டில் 45.46 மி.மீ. சோனி ஈ மவுண்டில் அதே தூரம் 18 மி.மீ. தான். மிச்ச இடைவெளியை ஒரு அடாப்டர் நிரப்பிட்டா தாத்தா காலத்து லென்ஸும் இன்ஃபினிட்டி (அடிவானத் தூரம்) வரை ஃபோகஸ் ஆகும். நல்ல விசயம்.

ஆனா வாங்க வர்ற பசங்க கேக்கிற முதல் கேள்வி, "முழுக்க மெட்டலாங்ணா, வெயிட்டா இருக்குமா?" கனத்தை வச்சு லென்ஸின் கட்டுமானத்தை மதிப்பிடக் கூடாதுன்னு நான் உறுதியா நம்புறேன். அதைப் பேசத்தான் இந்த இழை.

இப்ப என் மேஜையில ரெண்டு 50 மி.மீ. லென்ஸ் இருக்கு. ஒண்ணு நிக்கான் கம்பெனியோட நிக்கார் 50 எஃப்1.4, ஏஐங்கிற பழைய லென்ஸ் வகை, 1977க்கு அப்புறம் செஞ்சது. இன்னொண்ணு புதுசா வாங்கின முழு மெட்டல் லென்ஸ், கம்பெனி பேர் வேண்டாம். கையில வாங்கிப் பாக்கிற யாரும் புதுசைத்தான் உசத்தின்னு சொல்றாங்க. கனம், பளபளப்பு, மேல வெட்டின எழுத்து எல்லாம் அழகு. கேமராவில மாட்டி, வியூஃபைண்டர்ல படத்தைப் பெருசாக்கி, எதிர்ல இருக்கிற சுவத்துக் காலண்டர் எழுத்துக்கு ஃபோகஸ் வைங்க. நிக்கார்ல விரல் நகர்ந்தா எழுத்து நகருது, விரல் நின்னா நிக்குது. முன்னால போனாலும் பின்னால வந்தாலும் ஒரே இறுக்கம். புதுசுல திசை மாத்தினதும் ரிங் ஒரு நூல் அளவு சும்மா சுத்துது, அப்புறம்தான் கண்ணாடி நகர ஆரம்பிக்குது. அதோட எழுத்து லேசா பக்கவாட்டிலயும் குதிக்குது. படம் எடுக்கிறவனுக்கு அந்தக் குதிப்புதான் கட்டுமானம். கனம் தராசுக்கு.

இது ஏன் வருதுன்னு லேத் வேலை தெரிஞ்சவங்க சொன்னா நல்லா இருக்கும்.

சீர்வரிசை (திருப்பூர்)

அண்ணா, நான் கல்யாண வேலை பாக்கிறவன். உங்க ஆர்வம் புரியுது, ஆனா எங்க தொழிலுக்கு இது எவ்வளவு தூரம் தேவைன்னு எனக்குச் சந்தேகம். 85 எஃப்1.4ல ரெண்டு மீட்டர் தூரத்தில கூர்மையா விழுற ஆழம் நாலரை செ.மீ. அளவுதான். அருமைக்காரர் (கல்யாணச் சீர் நடத்துறவர்) சீர் செய்யிற நேரத்தில பொண்ணு மாப்பிள்ளை அசைஞ்சுட்டே இருப்பாங்க, சுத்தி ஒறம்பரைங்க நெருக்குவாங்க. அந்த நொடியைத் திருப்பிச் செய்யச் சொல்ல முடியாது. கண்ணைக் கண்டுபிடிச்சு ஃபோகஸ் பண்ற ஆட்டோஃபோகஸை நம்பித்தான் எங்க வீட்ல அடுப்பு எரியுது.

கணபதி லேத்

ரெண்டு பேர் சொல்றதும் சரிதானுங்க. சீர்வரிசை தம்பி சொன்ன வேலைக்கு ஆட்டோஃபோகஸ்தான். நான் மரையைப் பத்தி மட்டும் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

50 மி.மீ. லென்ஸ் இன்ஃபினிட்டியிலிருந்து 45 செ.மீ. வரைக்கும் ஃபோகஸ் ஆகணும்னா கண்ணாடித் தொகுதி சுமார் 7 மி.மீ. முன்னால வரணும். ரிங் அரைச் சுத்து போறதுக்குள்ள அது நடக்கணும்னு வைங்க. அப்ப ஒரு முழுச் சுத்துக்கு 14, 15 மி.மீ. நகர்வு. நாம தினம் வெட்டுற போல்ட் மரையில ஒரு சுத்துக்கு ஒண்ணு, ஒண்ணரை மி.மீ. தான் கிடைக்கும். அதுக்காக 15 மி.மீ. பிட்ச்ல (பல்லுக்குப் பல் இடைவெளி) ஒத்தை மரை வெட்டினா பல் அவ்வளவு ஆழமாப் போயிரும், லென்ஸ் குழல்ல அந்தக் கனத்துக்கு இடமே இல்லீங்க. அதனால சின்னப் பல்லா, ஆழம் கம்மியா, பக்கத்து பக்கத்துல பல ஸ்டார்ட் (தனித்தனியா ஆரம்பிக்கிற மரை வரி) போட்டு வெட்டுவாங்க. அதுதான் ஹெலிகாய்டு. ஸ்டார்ட் ஒவ்வொண்ணும் மத்ததுக்குச் சரியான இடைவெளியில இருக்கணும். ஒண்ணு லேசாத் தள்ளிப் போனாலும் எல்லாப் பாரமும் ரெண்டு மூணு பல்லு மேல விழுந்து, ரிங் ஒரு இடத்துல இறுகி ஒரு இடத்துல இளகும்.

இன்னும் இருக்குதுங்க. பல லென்ஸ்ல நடு வளையத்துக்கு வெளிப்பக்கம் ஒரு மரை, உள்பக்கம் எதிர்த்திசை மரை. நடு வளையம் சுத்தும்போது உள்ள இருக்கிற குழல் சுத்தாம நேரா முன்னால போகணும். அதைச் சுத்த விடாமப் பிடிக்கிறது சின்னச் சாவிக் கட்டைங்க, காடி வெட்டின பள்ளத்துல ஓடும். நொய்யல்கரை அண்ணன் சொன்ன ரெண்டு குறைக்கும் காரணம் வேற வேற. ரிங் சுத்தியும் கண்ணாடி நகரத் தாமதம் ஆகுதுன்னா சாவிக்கும் காடிக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தி. படம் பக்கவாட்டில குதிக்குதுன்னா மரையே லூஸ், திசை மாத்தும்போது குழல் சாயுது.

அடுத்தது உலோகம். அலுமினியம் மேல அலுமினியம் உரசினா பிடிச்சுக்கும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கீறும். நம்ம பம்புல ஸ்டீல் ஷாஃப்ட்டுக்குக் கன்மெட்டல் புஷ் போடுற காரணமேதான். அதனால நல்ல லென்ஸ்ல ஒரு பக்கம் அலுமினியம், ஒரு பக்கம் பித்தளை போடுறது உண்டு. ஆனா அதுலயும் ஒரு கணக்கு இருக்குது. ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும், பித்தளை 19. 60 மி.மீ. விட்டமுள்ள மரைன்னு வைங்க. 15 டிகிரி காலையிலிருந்து 35 டிகிரி மத்தியானத்துக்கு வந்தா ரெண்டுக்கும் நடுவுல 5 மைக்ரான் வித்தியாசம். இதையெல்லாம் நினைச்சுத்தான் இடைவெளி வைக்கணும். ரொம்ப நெருக்கி வச்சா ஒரு காலத்துல பிடிக்கும், தளர்த்தி வச்சா ஒரு காலத்துல ஆடும்.

பழைய நல்ல லென்ஸ்ல ஆண் மரையும் பெண் மரையும் ஜோடியாச் சேத்து லேப்பிங் பண்ணியிருப்பாங்க, அதாவது ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சுப் பொருத்தியிருப்பாங்க. இந்தக் குழல் அந்தக் குழலுக்கு மட்டும்தான் பொருந்தும். அதுக்கு ஆள் நேரம் வேணுமுங்க. காசு அங்கதான் போகுது, உலோகத்தோட எடையில இல்ல.

நொய்யல்கரை (பேரூர்)

கோடி நன்றிங்ணா. சாவி வேற, மரை வேறன்னு பிரிச்சுச் சொன்னது எங்கயும் படிச்சதில்ல.

சீர்வரிசை தம்பிக்கு: முகூர்த்தத்துக்கு மேனுவல் லென்ஸ் எடுத்துட்டுப் போகச் சொல்ல மாட்டேன். நான் சொல்றது, மேனுவல் லென்ஸ்னு முடிவு பண்ணி வாங்கிறவன் எதைப் பாத்து வாங்கணுங்கிறது. ஒரு கணக்கு மட்டும் சேத்துக்கிறேன். அந்த 50 மி.மீ. லென்ஸ்ல 3 மீட்டரிலிருந்து இன்ஃபினிட்டி வரைக்கும் கண்ணாடி நகர்றது ஒரு மி.மீட்டருக்கும் கம்மி. அரைச் சுத்து ரிங்ல அதுக்குக் கிடைக்கிறது இருபது டிகிரி சொச்சம். கால் சுத்துல முடியிற ஆட்டோஃபோகஸ் லென்ஸை மேனுவலாச் சுத்தினா அதே தூரம் பத்து டிகிரி சொச்சத்துல முடிஞ்சிரும். அந்தப் பத்து டிகிரி சொச்சத்துக்குள்ள கோயில் கோபுரத்தையும் அதுக்கு முன்னால நிக்கிற ஆளையும் விரலால பிரிக்கிறது கஷ்டம். ரிங் எவ்வளவு தூரம் சுத்துதுங்கிறதும் கட்டுமானத்துல சேத்திதான்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு நான் எடுத்துட்டுப் போறது 28 மி.மீ. நிக்கார். எஃப்8 (ஒளி நுழையிற ஓட்டை, அதாவது அப்பர்ச்சரோட அளவு) வச்சு, 3.3 மீட்டர்ல ரிங்கை நிறுத்திட்டா சுமார் 1.65 மீட்டரிலிருந்து அடிவானம் வரைக்கும் கூர்மை கிடைக்கும். அப்புறம் ஃபோகஸைத் தொடுற வேலையே இல்ல. காங்கேயம் காளை தலையைச் சிலுப்பும்போது கேமராவைத் தூக்கி அமுக்கினாப் போதும். இதுக்கு ரிங் வச்ச இடத்துலயே நிக்கணும். கழுத்துல தொங்கும்போது சட்டை உரசி நகர்ந்துட்டா படம் போச்சு. இறுக்கம் எனக்கு வேணுங்கிறது இதுக்காகத்தான். அந்த லென்ஸ் குழல்ல அப்பர்ச்சர் எண்ணுக்கு ஒரு நிறம், அதே நிறத்துல தூரக் கோடு வரைஞ்சிருப்பாங்க. சந்தைத் தூசியில நின்னுட்டு ஒரு பார்வையில படிக்கலாம்.

தேயிலைக்காடு (குன்னூர்)

இங்க மலையில எங்களுக்குப் பிரச்சினை வேற. மார்கழி, தை மாசம் விடியக்காலையில பழைய லென்ஸைக் கையில எடுத்தா ரிங் அசையவே மாட்டேங்குது. கீழே மேட்டுப்பாளையம் இறங்கினா அதே லென்ஸ் வெண்ணெயாச் சுத்துது. லென்ஸ் கெட்டுப்போச்சுன்னு வித்தவங்களை எனக்குத் தெரியும். கெட்டது லென்ஸ் இல்ல, உள்ளே இருக்கிற கிரீஸ் காஞ்சு பசை ஆயிருச்சு. சோவியத் ஹீலியோஸ் 44-2 வாங்கினவங்க பலருக்கு இது தெரிஞ்சிருக்கும்.

கோவைக்காரங்களுக்கு இதோட மறுபக்கம். சித்திரை வெயில்ல கார் டேஷ்போர்டுல லென்ஸை வச்சுட்டுப் போனா கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிஞ்சு அப்பர்ச்சர் பிளேடு (ஓட்டையைச் சின்னதாக்கிற தகடு) மேல இறங்கும். மைக்ரோ நிக்கார் 55 எஃப்2.8 இந்த விசயத்துக்குப் பேர் போனது, கண்ணாடி அவ்வளவு அருமையா இருந்தும். அதுக்குச் சொந்தமான ஃபிலிம் கேமராவில போட்டா ஷட்டர் அடிக்கிற நொடியில பிளேடு மூடி முடிக்கணும். எண்ணெய் பட்டிருந்தா மூட நேரம் ஆகும், படம் வெளிறிடும். ஹீலியோஸ் 44-2 மாதிரி முன்கூட்டியே கையால மூடி வைக்கிற ப்ரீசெட் லென்ஸ்ல இந்தக் கோளாறு படத்தைப் பாதிக்காது. மிரர்லெஸ்ல அடாப்டர் போட்டு எடுக்கிறவங்களுக்கும் அப்படித்தான், நாம மூடின பிறகுதானே எடுக்கிறோம். ஆனாலும் அந்த எண்ணெய் ஆவியாகி உள்கண்ணாடியில மங்கலாப் படியும். அதை அலட்சியம் பண்ணாதீங்க.

வால்பாறை, குன்னூர் பக்கத்து லென்ஸ் வாங்கினா டார்ச் அடிச்சு பூஞ்சை பாக்காம வாங்கவே வாங்காதீங்க.

காத்தாடிமேடு (உடுமலை)

எங்களுக்குத் தூசிங்க. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கும்போது முன்னால நீண்டு சுருங்கிற லென்ஸை வெளிய எடுத்தா மண்ணை உள்ளே இழுத்துக்குது. கிரீஸோட மண்ணு சேந்தா மரையைத் தேய்க்கிற பேஸ்ட்தான்.

கணபதி லேத்

அக்கட்ட மண்ணு, இக்கட்ட பஞ்சுத் தூசி. திருப்பூர் பனியன் கம்பெனிக்குள்ள படம் எடுக்கிற ஒருத்தர் லென்ஸைப் பிரிச்சப்போ காடிக்குள்ள நூல் பிசிறு சுருண்டு கிடந்துச்சுங்க. நரநரன்னு சத்தம் கேட்டா சுத்துறதை அப்பவே நிறுத்தீருங்க. பலம் போட்டுத் திருப்பினா அலுமினியப் பல்லு போயிரும், அப்புறம் எந்தக் கிரீஸும் காப்பாத்தாது.

பீளமேடு ஹாஸ்டல்

அண்ணன்களுக்கு வணக்கம். நான் இஞ்சினியரிங் மூணாம் வருசம். சேத்து வச்ச காசுல ஒரு 50 மி.மீ. பழைய லென்ஸ் வாங்கலாம்னு இருக்கேன். டகுமார் 50 எஃப்1.4 ஒண்ணு வந்திருக்கு, கண்ணாடி மஞ்சளா இருக்கு. சூப்பர் டகுமார்னு எழுதியிருக்கு. ரிங் ரொம்ப வழவழப்பா இருக்கு. வாங்கலாங்களா? கடையில நின்னுட்டு என்னென்ன பாக்கணும்?

நொய்யல்கரை (பேரூர்)

தம்பி, அந்த மஞ்சள் கட்டுமானக் குறை இல்ல. ஏழு கண்ணாடி இருக்கிற சூப்பர் டகுமார் 50 எஃப்1.4ல ஒரு கண்ணாடியில தோரியம் கலந்திருக்கும், வருசம் போகப் போக அது மஞ்சளாகும். புற ஊதா வெளிச்சம் பட்டா தெளியும். நம்ம வெயில்ல காய வைக்கலாம்னு தோணும். ஆனா மேல குன்னூர்க்காரர் சொன்னதை நினைச்சுக்கோங்க, சூடு ஏறினா கிரீஸ் இறங்கிரும். சின்ன யூவி எல்இடி விளக்கு வச்சு மெதுவாத் தெளிய வைக்கிறது நல்லது.

கடையில முதல்ல ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் மெதுவாச் சுத்துங்க. ரெண்டே விரல்ல. நடுவுல ஒரு இடத்தில மட்டும் இறுகினா கீழ விழுந்து குழல் நெளிஞ்ச லென்ஸா இருக்கலாம். ஃபில்டர் மாட்டுற முன் விளிம்புல நசுங்கல் இருக்கான்னு அப்பவே பாருங்க. அப்புறம் முன்குழலைப் பிடிச்சு பக்கவாட்டில லேசா ஆட்டுங்க, அடுத்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்க. டக்டக்குன்னு கேட்டா மரை தேஞ்சிருக்கு.

வழவழப்பா இருக்குன்னு நீங்க சொன்னதைக் கொஞ்சம் சந்தேகமாவே பாருங்க. கெட்டியான கிரீஸை அப்பினா தேஞ்ச மரைகூட ராஜ மரியாதையாச் சுத்தும். ஆனா ஆட்டிப் பாத்தா மெத்துன்னு அசையும். இறுக்கமும் இருக்கு, அசைவும் இருக்குன்னா அது கிரீஸ் பேசுற பொய். இறுக்கம் லேசா இருந்து அசைவே இல்லேன்னா அந்த லென்ஸை விடாதீங்க. ஆயில் வத்தின கிணத்து ராட்டினம் மாதிரி கரகரத்தாலும் அசைவு இல்லேன்னா வாங்கலாம், சர்வீஸ் பண்ணிக்கலாம். மரை தேஞ்சதைச் சர்வீஸ் பண்ண வழியே இல்ல.

அப்பர்ச்சர் ரிங்கைக் காதுகிட்ட வச்சு ஒவ்வொரு கிளிக்காத் திருப்புங்க. ஏஐ நிக்கார் 50ல ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் பாதியாகிற ஒரு படி) ஒரு கிளிக், டகுமார்ல அரை ஸ்டாப்புக்கு ஒண்ணு. ஸ்பிரிங் தள்ளுற ஒரு குட்டி இரும்புக் குண்டு பள்ளத்துல விழுற சத்தம் அது. எல்லாக் கிளிக்கும் ஒரே மாதிரி கேக்கணும்.

கடைசியா உங்க கேமராவிலயே மாட்டி, தூரத்துல ஒரு செல்போன் டவரைப் பெருசாக்கிப் பாருங்க. கூர்மை வந்து, லேசாத் தாண்டுதுன்னாலும் பரவாயில்ல, அது அடாப்டர் கனம் குறைவா இருக்கிறதாலயும் வரும். கூர்மைக்கு எட்டவே இல்லேன்னா வேற அடாப்டர்ல ஒரு தடவை பாருங்க. அப்பவும் எட்டலேன்னா யாரோ பிரிச்சுத் தப்பாச் சேத்திருக்காங்க.

ரீல் பெட்டி (சேலம்)

ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் நின்ன ஊர்க்காரன்ங்கிற உரிமையில சினிமா பக்கத்தையும் சொல்றேன். கோயமுத்தூர்ல ஜி.டி.நாயுடு மோட்டார், ரேஸர் பத்தி எல்லாரும் பேசுறோம். அவர் உருவாக்கினவற்றில ஃபிலிம் கேமராவுக்குத் தூரம் சரிசெய்யிற கருவியும் ஒண்ணு. ஃபோகஸ் சுத்துறது இந்த மண்ணுக்குப் புதுசு இல்ல.

வீடியோவுக்கு லென்ஸ் வாங்குறவங்களுக்கு ஒண்ணு. இப்ப வர்ற மிரர்லெஸ் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் பலதில ரிங்குக்கும் கண்ணாடிக்கும் உலோகத் தொடர்பே கிடையாது. ரிங் சுத்துறதை சென்சார் படிச்சு மோட்டாருக்குச் சொல்லும். அதிலயும் பல லென்ஸ்ல வேகமாச் சுத்தினா ஒரு தூரம், மெதுவாச் சுத்தினா ஒரு தூரம். அந்த மாதிரி லென்ஸ்ல அம்மா முகத்திலிருந்து வாசல்ல நிக்கிற மகன் முகத்துக்கு ஃபோகஸ் மாத்த, தரையில டேப் ஒட்டி ரிங்ல குறி வச்சாலும் ரெண்டாவது டேக்ல குறி தப்பும். மரை இருக்கிற லென்ஸ்ல வச்ச குறி வச்ச இடத்துல இருக்கும். ஃபாலோ ஃபோகஸ் (லென்ஸ் ரிங்கைப் பக்கத்திலிருந்து சுத்துற கருவி) பல்சக்கரம் 0.8 மாடியூல் (பல் அளவு), அதுக்கு ஏத்த வளையத்தை லென்ஸ் மேல மாட்டிக்கலாம். அங்கே சாவி இடைவெளி இருந்தா ரொம்பத் தெளிவாத் தெரியும், ஆள் முகம் தெளியாம ஒரு துடிப்பு துடிச்சுட்டு வரும்.

சீர்வரிசை (திருப்பூர்)

இதை ஒத்துக்கிறேன். ரிசப்ஷன் வீடியோவுக்கு நானும் மரை லென்ஸ்தான் யோசிக்கிறேன். ஆனா பிளாஸ்டிக்னா மட்டம்னு பேசுறதை மட்டும் விட்ருங்க. 1979ல வந்த, பிளாஸ்டிக் பாகம் சேத்த நிக்கான் சீரிஸ் ஈ லென்ஸை அப்ப மலிவுன்னு ஒதுக்கினாங்க. அதுல 100 எஃப்2.8ஐ இன்னைக்கும் தேடி வாங்கிறாங்க.

நொய்யல்கரை (பேரூர்)

அதையேதான் தம்பி நானும் சொல்றேன். உறை எதுல செஞ்சாலும் சரி, உள்ளே ஓடுறது நேரா ஓடணும்.

பீளமேடு ஹாஸ்டல்

கடைக்குப் போய்ட்டு வந்தேன். டகுமார்ல அசைவு இல்ல, டவர் கூர்மையா வருது. வாங்கிட்டேன். கூடவே ஹீலியோஸ் ஒண்ணும் ரொம்பக் கம்மி விலைக்குக் கிடைச்சது, ரிங் கல்லா இருக்கு. அதை நானே பிரிச்சுக் கிரீஸ் மாத்தலாங்களா கணபதி அண்ணா?

கணபதி லேத்

பழக அதுதான் நல்ல லென்ஸ் கண்ணு. டகுமாரைத் தொடாதீங்க. ஜப்பான் லென்ஸ்ல திருகு தலை ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) வகையா இருக்கும், சாதாரண ஸ்டார் டிரைவர் போட்டா தலை வழிஞ்சிரும்.

முதல்ல இன்ஃபினிட்டியில வச்சு, வளையங்களுக்கு மேல குறுக்கா ஊசியால ஒரு கோடு கீறிக்கோங்க. மரையைக் கழட்டும்போது ரொம்ப மெதுவாத் திருப்பி, எந்த இடத்துல பிரிஞ்சு கையோட வருதோ அங்க இன்னொரு கோடு. பல ஸ்டார்ட் மரைங்கிறதால அது எந்த ஸ்டார்ட்ல ஏத்தினாலும் ஏறும், சுத்தும். ஆனா ஒரே ஒரு ஸ்டார்ட்லதான் இன்ஃபினிட்டி சரியா வரும். கோடு போடாமப் பிரிச்சவங்கதான் அப்புறம் பையில துண்டு துண்டா எடுத்துட்டு நம்ம பட்டறைக்கு வர்றது.

பழைய கிரீஸை லைட்டர் பெட்ரோல்ல பல்லு பல்லா, பழைய டூத் பிரஷ்ஷால கழுவுங்க. துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயை லென்ஸ் கிட்டயே கொண்டு போகாதீங்க, அது ஊர்ந்து பிளேடுக்குப் போயிரும். கழுவின மரையைக் கிரீஸ் இல்லாம ஒரு தடவை ஏத்தி இறக்கிப் பாருங்க, எங்கயாவது பிடிச்சா அந்த இடத்துல அழுக்கு மிச்சம் இருக்குது. லாரி பேரிங் கிரீஸ் வேண்டாம். லென்ஸுக்குன்னே விக்கிற ஹெலிகாய்டு கிரீஸ், நடுத்தர கெட்டி. தீக்குச்சி முனையில எடுத்து ஒவ்வொரு மரையிலும் மூணு இடத்துல வச்சாப் போதும், சுத்தச் சுத்த அதுவே பரவிக்கும். ஓரத்துல பிதுங்கி வெளிய வந்துச்சுன்னா ஜாஸ்தி, துடைச்சிருங்க.